அம்மா படியேறாத கோர்ட்டு

அம்மா முழங்காலிலிருந்து எழுந்துவிட்டாள்.

பீடத்துக்கு முன்னால் குறுக்கே ஒரு மரக்கிராதி உண்டு. அப்பமும் திராட்சை ரசமும் வாங்குகிற திருவிருந்து நாளில் ஆண்கள் இடப்பக்கமும் பெண்கள் வலப்பக்கமும் அதன் முன்னால் முழங்கால் போட்டு, உள்ளங்கையை ஏந்திக்கொண்டு காத்திருப்பார்கள். ஐயர் அப்பத்தட்டோடு ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வருவார். (எங்கள் பக்கம் தேவாலயத்தைக் கோயில் என்றும், சபைப் போதகரை ஐயர் என்றும்தான் சொல்வோம். வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.) அன்றைக்குப் பெண்கள் வரிசையில் அம்மாதான் முதல் ஆள். அவளுக்கு இடப்பக்கம், ஆண்கள் வரிசையின் கடைசி ஆளாக, அவளுடைய தம்பி ஞானராஜ் மாமா.

ஐயர் கிட்டத்தில் வந்துவிட்டார். அம்மா ஒரு தடவை இடப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். மாமா கண்ணை மூடிக்கொண்டு கை ஏந்தியிருந்தார். அம்மா ஏந்திய கையை மடக்கிக் கிராதியில் ஊன்றி எழுந்தாள். வெள்ளைச் சேலை முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, நடுப்பாதை வழியாக நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கோயிலே திரும்பிப் பார்த்தது. ஆர்மோனியம் வாசித்தவர்கூட ஒரு நொடி தடுமாறினார்.

“என்னம்மா? மயக்கமா வருது?”

“ஒண்ணுமில்ல. பாட்டப் பாடு.”

அந்தத் திருவிருந்துப் பந்தியை விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அம்மா குடியிருந்த வீட்டை விட்டாள். அதே பந்தியில் வந்து முழங்கால் போட்டு, கையேந்தி, வாங்காமல் எழுந்துவிட்டாள். போன வாரம் நான் எழுதின கோயில் அசனச் சாப்பாட்டுக் கூத்தைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்ததாகப் பலர் எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரம் என்னை மன்னிக்க வேண்டும். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

முதல் பூசணிக்காய்

எங்கள் ஊர் திருநெல்வேலிப் பேட்டையைத் தாண்டி சேரன்மகாதேவி போகிற வழியில், ஆற்றை ஒட்டி இருக்கிறது. வாழை, நெல், நடுவில் கோயில் கோபுரம். வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்ட அன்றைக்கு ஊர் முழுக்க ஈரமண் வாடை அடிக்கும். கேபிள் டிவி வந்து, தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் முளைத்த காலம்.

ஞானராஜ் மாமா அம்மாவை விட ரொம்ப இளையவர். அவரை இடுப்பில் தூக்கி வளர்த்ததே அம்மாதான். நல்ல குரல், நல்ல உயரம். கோயில் கமிட்டியில் உறுப்பினர். வருஷா வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கையாக வந்த விளைச்சலை ஏலம் விடும்போது முதல் பூசணிக்காயை வேறு யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை. யாராவது கூடக் கேட்டால் மாமா அதற்கும் மேலே கேட்பார். எடுத்து, தோளில் வைத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வருவார்.

“எக்கா, இந்தா. புளி ஊத்திக் குழம்பு வையி. நான் ராத்திரி சாப்பிட வாரேன்.”

அம்மாவுக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். இதை நான் எதற்குச் சொல்கிறேன் என்றால், மாமாவைப் பிறவியிலேயே கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அப்படி இருந்திருந்தால் எங்களுக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

அப்பா இறந்த பிறகு தாத்தாதான் அம்மாவையும் என்னையும் ஊருக்குக் கூட்டி வந்தார். ஓட்டு வீடு, பின்னால் ஒரு முருங்கை, சன்னலோரம் அம்மாவின் தையல் மிஷின். “இந்த வீடு எஸ்தருக்கு, வயல் ஞானராசுக்கு” என்று தாத்தா வாயால் சொன்னதை அம்மாவும் கேட்டாள், மாமாவும் கேட்டார், பாதி ஊரும் கேட்டது. உயில் என்று ஒன்றும் எழுதவில்லை. தாத்தா போனதும் பட்டாவை மாமா தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். “வரி கட்டச் சௌகரியமா இருக்கும்லாக்கா” என்றார். அம்மா தலையாட்டிவிட்டு அவருக்கு மீன் குழம்பு ஊற்றினாள்.

ஒரே செம்புக் காப்பி

இந்த இடத்தில் எங்கள் சபையின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

விசுவாசிகள் இரண்டு பேருக்குள் தகராறு வந்தால் போலீஸ், கோர்ட் என்று போகக் கூடாது. கோயிலுக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறையில், வெஸ்ட்ரி என்போம், கமிட்டிப் பெரியவர்கள் உட்கார்ந்து விசாரிப்பார்கள். முதலில் பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபைக்கு எழுதின பகுதியை வாசிப்பார்கள். சகோதரனும் சகோதரனும் வெளியார் முன்னால் போய் வழக்காடலாமா, உங்களுக்குள் தீர்த்துவைக்க ஒரு விவேகி கூடவா இல்லை, அதற்கு அநியாயத்தையே பொறுத்துக்கொள்ளலாமே என்று அவர் கேட்கிறார். விசாரணை முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே செம்பில் கருப்பட்டிக் காப்பி குடிக்க வேண்டும். இதை மீறிக் கோர்ட்டில் வழக்குப் போட்டால், அதை வாபஸ் வாங்குகிற வரைக்கும் அவருக்குத் திருவிருந்து கிடையாது.

தாத்தா காலத்தில் இது நன்றாகத்தான் நடந்திருக்கிறது. ஒரு புளியமரத்துக்காகப் பங்காளிகள் இரண்டு பேர் அரிவாளைத் தூக்கிக்கொண்டு நின்றார்களாம். பெரியவர்கள் மரத்தடிக்கே போய்ப் பார்த்து, ஒரு வருஷம் காய் உனக்கு, மறு வருஷம் அவனுக்கு என்று தீர்த்துவைத்திருக்கிறார்கள். காப்பி குடிக்கும்போது ஒருத்தர் செம்பை முழுக்கக் காலி பண்ணிவிட, “ஏலே, காப்பியிலயுமா பங்கு தர மாட்ட?” என்று மற்றவர் கேட்க, வெஸ்ட்ரியே சிரித்ததாம். அப்போது அங்கே தீர்ப்பு என்று ஒன்று சொன்னார்கள். என் காலத்துக்கு வந்தபோது காப்பி மட்டும்தான் மிச்சம் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்திருக்க முடியவில்லை. அநியாயத்தைப் பொறுத்துக்கொள்ளலாமே என்ற அதே அப்போஸ்தலன், அடுத்த மூச்சிலேயே, நீங்களே அநியாயம் செய்கிறீர்களே, அதுவும் சகோதரருக்கே செய்கிறீர்களே என்று திட்டுகிறார். அந்த அடுத்த வரியை எங்கள் வெஸ்ட்ரியில் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

பேட்டை அண்ணாச்சி

நான் அப்போது பேட்டையில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். ஒரு நாள் சாயங்காலம் பஸ் இறங்கி வீட்டுக்கு வந்தால், வாசலில் ஒரு டி.வி.எஸ். வண்டி. உள்ளே பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் சுப்பையா அண்ணாச்சி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அம்மா சுவரோடு சாய்ந்து நின்றாள்.

“உங்க தம்பி இந்த வீட்ட எனக்கு எழுதிக் குடுத்து ஆறு மாசமாச்சும்மா,” என்றார். “அக்கா சம்மதம்தான், பைய காலி பண்ணிருவாங்கன்னு சொன்னாரு. நானும் சரின்னு இருந்துட்டேன். இப்ப எனக்கு வீடு வேணும்லா.”

மாமாவின் மகனுக்கு சவூதியில் வேலைக்கு ஏற்பாடாகியிருந்தது. அதற்காக விற்றிருக்கிறார். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஆறு மாசத்தில் எத்தனை தடவை எங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டிருப்பார்!

அம்மா, “என் தம்பியக் கேட்டுச் சொல்லுதேன்” என்றாள். மாமா அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. சுப்பையா அண்ணாச்சி பொறுத்துப் பார்த்துவிட்டு, வீட்டைக் காலி பண்ணித் தரச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போனார். அம்மா பெயருக்குச் சம்மன் வந்தது.

மாமாவின் கெட்டிக்காரத்தனத்தை இங்கேதான் பார்க்க வேண்டும். அக்காவை வெளியேற்ற மாமாவே வழக்குப் போட்டிருந்தால் சபை அவரைப் பந்தியிலிருந்து நிறுத்தியிருக்கும். இப்போது வழக்குப் போட்டவர் பேட்டைக்காரர், சபைக்கு வெளியாள். மாமா கையில் ஒரு துளி அழுக்கில்லை.

கையெழுத்து வாங்காத வக்காலத்து

சேரன்மகாதேவியிலிருந்து திருநெல்வேலி கோர்ட்டுக்கு வந்துபோகிற ஒரு வக்கீலிடம் அம்மாவைக் கூட்டிப் போனேன். வயசானவர். பொறுமையாகக் கேட்டார்.

“ஜெயிக்கலாம்மா. உங்க கிறிஸ்தவச் சட்டத்துல மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. உங்க தம்பி முழு வீட்டையும் வித்தது செல்லாது. ஆனா ஒண்ணு. அவரையும் இந்த வழக்குல சேர்க்கணும். உங்களுக்குத் தெரியாம வித்தாருன்னு நீங்க கூண்டுல ஏறிச் சொல்லணும்.”

“அவனச் சேக்காம முடியாதா சார்?”

“எப்படிம்மா முடியும்? வித்ததே அவர்தானே?”

வக்காலத்துத் தாளை நீட்டினார். அம்மா பேனாவை வாங்கினாள். பிறகு மூடி மேசையில் வைத்துவிட்டு, “ஐயரக் கேட்டுட்டு வாரேன்” என்றாள். வக்கீல் என்னைப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்தில் அவர் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஐயர் நல்ல மனுஷர்தான். சட்டப் புத்தகம் மாதிரி பேசுவார், அவ்வளவுதான். “வெளியாளுக்குப் பதில் சொல்றதுல தப்பில்ல எஸ்தரம்மா. ஆனா தம்பியச் சேர்த்தா அது தம்பி மேல போடுற வழக்கு. அப்புறம் பந்தியில உங்களுக்குக் குடுக்க எனக்கு அனுமதி இல்ல.”

“அவனுக்கு?”

“அவர் யார் மேலயும் வழக்குப் போடலையே.”

திரும்பி வரும் வழியில் வாய்க்கால் கரையில் நின்று நான் கத்தினேன். “வீடு போயிரும்மா! ஒரு வாய் ரசத்துக்கும் ஒரு துண்டு அப்பத்துக்கும் வீட்டையா விடுவா ஒருத்தி?”

அம்மா கோபப்படவில்லை. “உனக்கு அது ரசமா தெரியுது,” என்றாள். “எனக்கு அப்படி இல்லட்டி. கிராதிக்கு இந்தப் பக்கம் நாம இருக்கோம், அந்தப் பக்கம் செத்தவங்க இருக்காங்க, எல்லாருக்கும் ஒரே பந்தின்னு எங்கப்பா சொல்லிக் குடுத்தாவ. மாசத்துல ஒரு நாள் உங்கப்பாகூட உக்காந்து சாப்பிட்டுட்டு வாரேன். அதையும் விட்டுட்டு அந்த வீட்டுல உக்காந்து என்ன செய்ய?”

 

“சமாதானம் ஆயிட்டுல்லா”

அம்மா கேட்டுக்கொண்டதால் வெஸ்ட்ரியில் கூடினார்கள். கமிட்டியில் மூத்தவர் வேதமுத்து அண்ணாச்சி வேதப்பகுதியை வாசித்தார். வழக்கமாக நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினார்.

மாமா எழுந்தார். “பட்டா எம் பேருல இருக்கு, வித்தேன். எம்மவன் பொழைக்கணும். ஆனா நான் எங்கக்கா மேல கேஸ் போட்டேனா? எந்தக் கோர்ட்டுலயாவது எம் பேரு இருக்கா? இருந்தா இப்பவே என்னச் சபைய விட்டுத் தள்ளுங்க.” சொல்லும்போதே அழுதுவிட்டார். நடிப்பு இல்லை, நிஜமான அழுகை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அம்மா உட்கார்ந்தபடியே கேட்டாள். “லே ஞானராசு, அழாத. அப்பா அந்த வீட்ட எனக்குன்னு சொன்னாவளா இல்லையா? அத மட்டும் சொல்லு.”

மாமா தரையைப் பார்த்தார்.

“எஸ்தரு, பழசக் கிளறாத,” என்றார் வேதமுத்து அண்ணாச்சி. “அவன்தான் அழுதுட்டான்லா. காப்பியக் கொண்டாங்க.”

செம்பு வந்தது. மாமா குடித்துவிட்டு நீட்டினார். அம்மா அதைக் கையில் வாங்கினாள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். குடித்தாள்.

நான் வாசலில் நின்று, “தீர்ப்பு என்ன அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“தீர்ப்பு என்னட்டி தீர்ப்பு? சமாதானம் ஆயிட்டுல்லா.”

“அப்ப கமிட்டித் தேர்தல் செல்லாதுன்னு நீங்க கோர்ட்டுல தடை வாங்கி வச்சிருக்கீங்களே, அதுக்கும் ஒரு செம்புக் காப்பி போடவா?”

“ஏட்டி, அது சபைக் காரியம். இது குடும்பக் காரியம். பொட்டப்பிள்ளைக்கு என்ன வாய்!”

ஐயர் ஜெபம் பண்ணினார். மாமாதான் சத்தமாக ஆமென் சொன்னார்.

அமீனா வந்த காலை

வாய்தா அன்றைக்கு அம்மா போகவில்லை. காப்பி குடித்துவிட்டேன், இனி அவன் பெயரைக் கோர்ட்டில் சொல்ல மாட்டேன் என்றாள். அன்று காலையில் தையல் மிஷினில் உட்கார்ந்து யாருடைய பிளவுஸுக்கோ கைப்பட்டி தைத்துக்கொண்டிருந்தாள். ஆள் வராததால் ஒருதலையாகத் தீர்ப்பாகிவிட்டது. எக்ஸ்பார்ட்டி என்று அதற்குப் பெயர். வக்கீல் ஆள் விட்டுச் சொன்னார், இப்போதும் ஒரு மனுப் போட்டால் திரும்ப விசாரிப்பார்கள் என்று. அம்மா அதற்கும் மாட்டேன் என்றாள்.

ஒரு நாள் காலையில், தீர்ப்பை நிறைவேற்றி வீட்டைக் காலி பண்ண வைக்கிற கோர்ட் அமீனா வந்தார். கூடவே சுப்பையா அண்ணாச்சி. சாமான்களை வண்டியில் ஏற்றும்போது முருங்கையில் பூ கொட்டிக்கொண்டிருந்தது. அமீனா வேப்பமர நிழலில் நின்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“ஒரு தடவையாவது வந்திருக்கலாமேம்மா. வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சட்டுன்னு இப்படி ஆகியிருக்காதே. ஏன் வரல?”

“எங்க வேதத்துல கூடாதுன்னு சொன்னாங்க,” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சுப்பையா அண்ணாச்சி தையல் மிஷினை ஒரு பக்கம் தானே பிடித்துத் தூக்கிவிட்டார். நாங்கள் பேட்டையில் ஒரு ஒற்றை அறைக்குக் குடிபோனோம். பக்கத்துப் பட்டறையில் நாள் முழுக்க இரும்பு அறுக்கிற சத்தம். ஆற்று வாடை அங்கே வராது.

கிராதியில்

அதற்கு அடுத்த திருவிருந்து ஞாயிறுதான் நான் முதலில் சொன்னது. பேட்டையிலிருந்து பஸ் ஏறிப் போனோம். அம்மா வெள்ளைச் சேலைக்கு முந்தின நாளே கஞ்சி போட்டு வைத்திருந்தாள். அவள் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. வீடு போனால் என்ன, இது இருக்கிறது என்ற தெளிச்சி. நான்கூட, சரி, இந்த மட்டுக்கும் அவளுக்குக் கிடைத்ததே என்று நினைத்தேன்.

பிறகு அவள் எழுந்து வந்தாள்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் சொன்னாள். “அவன் கையப் பாத்தேன்ட்டி. சின்னப்பிள்ளையில நான் பிடிச்சு நடத்தின கை. பாத்ததும் எனக்கு அப்படி ஒரு வெறி வந்துட்டு. அந்த எடத்துல, ஆண்டவர் முன்னால, இவன் நாசமாப் போகணும்னு நெனச்சேன். நெனச்சுக்கிட்டே எப்படி வாங்குவேன்?”

“அவரு வாங்குனாரேம்மா!”

“அவனால முடியுது. என்னால முடியல.”

அம்மாவை யாரும் பந்தியிலிருந்து நிறுத்தவில்லை. ஐயர் வீடு தேடி வந்து கூப்பிட்டார். அடுத்த மாதம் போகலாம், அதற்கடுத்த மாதம் போகலாம் என்று நானும் கெஞ்சினேன். அவள் கோயிலுக்கு வருவாள், பாடுவாள், காணிக்கை போடுவாள். எல்லாரும் எழுந்து கிராதிக்குப் போகும்போது மட்டும் குனிந்து உட்கார்ந்திருப்பாள். அப்பாவோடு சாப்பிடுகிற அந்த ஒரு நாளும் போயிற்று. கர்த்தாவே, எதற்காக அந்த வீட்டை விட்டாளோ அதுவும் அவளுக்கு இல்லாமல் போயிற்று.

சில வருஷம் கழித்து அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எங்கள் சபைக்கு அப்போது வேறு ஐயர் வந்திருந்தார், சின்ன வயசு. நோயாளிகளுக்குத் திருவிருந்து கொடுக்கிற சின்னப் பெட்டியோடு கட்டிலருகே வந்து நின்றார். விரல் அளவுக் கிண்ணத்தில் ரசத்தை ஊற்றினார். திராட்சை மணம் டெட்டால் வாடையை மீறி வந்தது. அம்மா அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“நான் அவன மன்னிக்கல ஐயரே. மன்னிச்சேன்னு பொய் சொல்லிட்டுக் குடிக்க மாட்டேன்.”

ஜெபித்து ஊற்றினதைக் கொட்டக் கூடாது என்பதால் அவர் ரசத்தைத் தானே குடித்துவிட்டுப் பெட்டியை மூடினார்.

அவர் போனதும் அம்மா என் கையைப் பிடித்தாள். “கோர்ட்டுக்குப் போயிருக்கணும்ட்டி பியூலா,” என்றாள். “தோத்தாலும் பரவாயில்ல. கூண்டுல ஏறி, எல்லார் முன்னாலயும் அவனப் பாத்து, நீ செஞ்சது அநியாயம்லேன்னு சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா எனக்கு ஆறியிருக்கும். மன்னிச்சிருப்பேன்.”

அடக்கத்தன்று மாமா அம்மாவின் சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு “எக்கா, எக்கா” என்று கதறினார். அவரை இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் வேதமுத்து அண்ணாச்சி வந்து என் தோளில் கை வைத்தார்.

“அழாத மக்ளே. எஸ்தரு சமாதானமாப் போயிட்டா.”

“இல்ல அண்ணாச்சி,” என்றேன். “போகல.”

அவர் காதில் விழாத மாதிரி நடந்து போனார்.